பள்ளிக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்தால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர்: தாம்பரம் பள்ளி அலுவலகம்

வணக்கம். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடமாக அலுவலக உதவியாளராக இருக்கிறேன். ஃபீஸ் ரசீது, டி.சி., போனஃபைட் சான்றிதழ், பெற்றோர் போன் எல்லாம் என் மேசைதான். பள்ளியின் பொது மெயிலைக் காலையில் முதலில் திறப்பதும் நான்தான்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 8:50 இருக்கும். பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மெயிலைத் திறந்தால், முதல் மாடிக் கழிப்பறையில் வெடிகுண்டு வைத்திருக்கிறோம், 11 மணிக்கு வெடிக்கும் என்று ஆங்கிலத்தில் நாலு வரி. கை நடுங்கியது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன். அவர் நிர்வாகத்துக்குப் போன் செய்தார். "யாரிடமும் சொல்ல வேண்டாம், நான் வருகிறேன்" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் வந்து, படித்து, யோசித்து, போலீசுக்குப் போன் போகும்போது 9:20.

அதற்குள் யாரோ என் மேசையில் இருந்த பிரிண்டைப் போட்டோ எடுத்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். 9:30க்கெல்லாம் வாசலில் முந்நூறு பேர். போலீஸ் ஜீப் உள்ளே நுழைய முடியவில்லை. எல்.கே.ஜி. பிள்ளைகளை மைதானத்தில் பள்ளி வேன்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம், அங்குதான் நிழல் இருந்தது.

இதையெல்லாம்விட என் மனதை அரிப்பது வேறொன்று. எங்கள் அட்டெண்டர் அண்ணன் மாடிக் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்து, அங்கே கிடந்த ஒரு டிபன் பையைத் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கி, பின்புறக் காலி மனையில் கொண்டுபோய் வைத்தார். "பிள்ளைகளுக்கு எதுவும் ஆகக் கூடாதும்மா" என்றார். மூன்றாம் வகுப்புப் பையன் மறந்து வைத்த எலுமிச்சை சாதம் அது. குண்டு எதுவும் இல்லை, மெயில் வெறும் புரளி. ஆனால் அந்த மனிதர் படி இறங்கி வந்த காட்சி ராத்திரியில் கண்முன் வருகிறது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

இப்போது பள்ளியில் எல்லோரும், "2024 பிப்ரவரியில் ஒரே நாளில் சென்னையில் 13 பள்ளிக்கு இப்படி வந்தது, எல்லாம் பொய்தானே, அடுத்த முறை அலட்டிக்கொள்ள வேண்டாம்" என்கிறார்கள். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: மெயிலைப் பார்க்கும் ஆள் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?


பதில் 1: ஓய்வுபெற்ற எஸ்.ஐ., கோவை

அம்மணி, முதலில் அந்த டிபன் பையைப் பேசிவிடலாம். உங்கள் அட்டெண்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அப்புறம், இனி ஒருபோதும் அதைச் செய்யக் கூடாது என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

நான் வெடிகுண்டு கண்டறிந்து செயலிழக்க வைக்கும் பிரிவில் 19 வருடம் இருந்தவன். முழுக் கவசம் போட்ட எங்கள் ஆளே சந்தேகப் பையைக் கையால் தூக்க மாட்டார். கொக்கியும் நீளக் கயிறும் மாட்டித் தூரத்தில் இருந்துதான் அசைத்துப் பார்ப்போம். சில குண்டு நேரம் பார்த்து வெடிக்கும். சில, தூக்கினால், சாய்த்தால், ஜிப்பைத் திறந்தால் வெடிக்கும். வெளியே இருந்து பார்த்து எது எது என்று எங்களுக்கே தெரியாது. தண்ணீர் வாளியில் போட்டுவிட்டால் அணைந்துவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பட்டாசுக்கு அது சரி. இதற்கு அது தற்கொலை.

அடுத்தது, "எல்லாம் பொய்தானே" என்ற பேச்சு. உங்கள் தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2, இரவு, மீனம்பாக்கம் விமான நிலையம். கொழும்பு விமானத்துக்காக ஒருவர் இரண்டு பெட்டிகளைப் போட்டுவிட்டு விமானம் ஏறவில்லை. பெட்டிகள் கீழேயே தங்கிவிட்டன. அவற்றில் குண்டு இருக்கிறது என்று போனில் எச்சரிக்கையும் வந்தது. அதை நம்புவதா வேண்டாமா என்பதில் நேரம் போனது. கட்டடத்தை உரிய நேரத்தில் காலி செய்யவில்லை. பதினொரு மணியை நெருங்கும்போது வெடித்தது. 30 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் ஊருக்குத் திரும்பக் காத்திருந்த இலங்கைப் பயணிகள். நான் பணியில் சேர்ந்தபோது எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடம் இது. நூறு மிரட்டலில் தொண்ணூற்றொன்பது புரளியாகவே இருக்கலாம். ஆனால் அது புரளியா இல்லையா என்று முடிவு செய்யும் வேலை உங்களுடையது அல்ல, தலைமையாசிரியருடையதும் அல்ல, நிர்வாகியுடையதும் அல்ல. உங்கள் பள்ளியில் அந்த 30 நிமிடம் அந்த வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டதால் போனது.

அதனால், மெயிலைப் பார்த்தவுடன் 112 அல்லது 100. முதல் நிமிடத்திலேயே. நிர்வாகத்துக்குச் சொல்வது அதற்குப் பக்கத்திலேயே இன்னொருவர் செய்யலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை. போனில் அழாமல், கதை சொல்லாமல் இதைச் சொல்லுங்கள்: பள்ளிப் பெயர், தெரு, வண்டி நுழையக்கூடிய வாசல் எது, மிரட்டல் எப்படி வந்தது, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், அதில் எந்த இடம் எந்த நேரம் என்று இருக்கிறது, உள்ளே எத்தனை பிள்ளைகள், சந்தேகப்படும்படி ஏதாவது கண்ணில் பட்டதா. கடைசியாகத் திரும்பக் கூப்பிட ஒரே ஒரு எண். அந்த போனை வைத்திருப்பவர் வேறு யாரிடமும் பேசக் கூடாது. கண்ட்ரோல் ரூம் திரும்பக் கூப்பிடும்போது எங்கேஜ்டு வந்தால் எரிச்சல் வருவது மட்டுமல்ல, நேரமும் போகும்.

மெயிலை அழிக்காதீர்கள், பதில் போடாதீர்கள், யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். அந்தக் கணினியை அப்படியே விட்டுவிடுங்கள். பிரிண்ட் எடுத்தது தப்பில்லை, அதை மேசையில் விட்டதுதான் தப்பு. சைபர் பிரிவுக்கு வேண்டியது அந்த நாலு வரி அல்ல, அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் தகவல். அது அசல் மெயிலில்தான் இருக்கும், போட்டோவில் இருக்காது.

மெயிலாக வராமல் போனில் வந்தால் விஷயம் வேறு. வைத்துவிடாதீர்கள். எவ்வளவு நேரம் முடியுமோ பேச விடுங்கள். எங்கே வைத்திருக்கிறாய், எத்தனை மணிக்கு, பார்க்க எப்படி இருக்கும், ஏன் வைத்தாய் என்று கேளுங்கள். கேட்டால் சொல்வானா என்று நினைக்காதீர்கள், ஆச்சரியப்படும் அளவுக்குச் சொல்வார்கள். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்: ஆணா பெண்ணா, எந்த ஊர்ப் பேச்சு, குடித்திருப்பது போல இருக்கிறதா, படித்துச் சொல்கிறானா, பின்னால் ரயில் சத்தமா, பஸ் ஹாரனா, பாங்கு ஓசையா, கோயில் மணியா, சிறுபிள்ளைச் சிரிப்பா. புரளி போன்களில் பல இப்படித்தான் பிடிபடும். பரீட்சை அன்று போன் செய்யும் பையனின் பின்னால் அம்மாவின் குக்கர் விசில் அடிக்கும்.

இனி பிள்ளைகளை வெளியே கொண்டுவருவது. இங்கேதான் எல்லோரும் தீ விபத்துப் பயிற்சியை நினைத்துக்கொண்டு தப்பு செய்கிறார்கள். தீ என்றால் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு வர வேண்டும், காற்று போகாமல் இருக்க. குண்டு என்றால் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு வர வேண்டும். வெடித்தாலும் அழுத்தம் வெளியே போக வழி இருக்கும், கண்ணாடிச் சிதறல் குறையும். தீ என்றால் பையை விட்டுவிட்டு ஓடு என்போம். குண்டு மிரட்டலில், கையெட்டும் தூரத்தில் இருந்தால் அவரவர் தன் பையை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். 600 பை வகுப்பில் கிடந்தால் நாங்கள் 600 பையைச் சோதிக்க வேண்டும். எல்லாப் பையும் போய்விட்டால், மிச்சம் இருப்பதுதான் சந்தேகம். அதனால்தான் தீ மணியை அடிக்காதீர்கள் என்கிறேன். வேறொரு மணி, அல்லது ஆளே வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்வது.

பிள்ளைகளை இறக்குவதற்கு முன், இறங்கும் படியையும் உட்கார வைக்கப்போகும் இடத்தையும் ஒரு ஆள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். தொடாமல், கண்ணால் மட்டும். நீங்கள் வேன் பக்கத்தில் உட்கார வைத்தது எனக்குப் பெரிய கவலை. நிறுத்திய வண்டி, கண்ணாடிச் சுவர், குப்பைத் தொட்டி, சைக்கிள் ஸ்டாண்டு இவற்றின் பக்கத்தில் கூட்டம் சேரவே கூடாது. எவ்வளவு தூரம் என்றால், பிரிட்டன் போலீஸ் பொதுமக்களுக்குச் சொல்லும் கணக்கு எளிது: கைப்பை அளவுக்கு 100 மீட்டர், பெரிய சூட்கேஸ் அல்லது கார் என்றால் 200, வேன் லாரி என்றால் 400. நம் ஊர்ப் பள்ளியில் 100 மீட்டர் ஏது என்பீர்கள். அப்படியானால் பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபம், கோயில் மைதானம் ஏதாவது ஒன்றை இப்போதே பேசி வையுங்கள். நேர்ப் பார்வையில் இருக்கக் கூடாது, நடுவில் கெட்டியான ஒரு கட்டடம் இருக்க வேண்டும்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1998 பிப்ரவரி 14 அன்று நான் கோவையில் பந்தோபஸ்து வேலையில் இருந்தேன். அப்போது எனக்கு 34 வயது. ஆர்.எஸ். புரத்தில் அத்வானி கூட்டத்துக்குக் கொஞ்ச தூரத்தில் முதல் சத்தம் கேட்டது. பட்டாசு என்றுதான் நினைத்தேன். எல்லோரும் சத்தம் வந்த பக்கம் ஓடினார்கள், பார்க்க. அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. 11 இடம். அரசு மருத்துவமனை வளாகத்திலும் வெடித்தது, அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போகிற அதே மருத்துவமனை. 58 பேர் போனார்கள், 200 பேருக்கு மேல் காயம். ஒரு இடத்தில் வெடித்தால் அங்கே கூட்டம் கூடும் என்பது வைத்தவனுக்குத் தெரியும். 2008 ஜூலையில் அகமதாபாத்திலும் முதலில் கடைத்தெருக்கள், அப்புறம் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்த மருத்துவமனை. உதவ ஓடிவந்தவர்கள்தான் அங்கே அதிகம் செத்தார்கள். சத்தம் கேட்டால் எதிர்ப்பக்கம் போங்கள். காயம்பட்டவரைத் தூக்குகிறவர் தூக்கட்டும், மற்றவர்கள் வழி விடட்டும்.


பதில் 2: இரண்டு பிள்ளைகளின் அப்பா

எஸ்.ஐ. சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் வாசலில் நின்ற அந்த முந்நூறு பேரைப் போன்ற ஒருவனாக நான் பேச வேண்டும். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கும் போன வருடம் இப்படி வந்தது. எனக்கு அந்தச் செய்தி மூன்றாவது ஆள் மூலமாகத்தான் கிடைத்தது. பள்ளிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. வேறென்ன செய்வேன்? வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். என் பைக்கைத் தெரு நடுவிலேயே போட்டுவிட்டுத்தான் ஓடினேன். பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். அதில் யாரும் அடிபட்டு இல்லை என்பது கடவுள் செயல்.

பெற்றோரைக் குறை சொல்வதற்கு முன் பள்ளிகள் ஒன்று செய்ய வேண்டும். போலீசுக்குச் சொன்ன அடுத்த நிமிடம் பள்ளியின் பெயரிலேயே எங்களுக்கு ஒரு செய்தி வர வேண்டும். "மிரட்டல் வந்திருக்கிறது, போலீசுக்குச் சொல்லிவிட்டோம், பிள்ளைகள் இன்ன மண்டபத்துக்குப் போகிறார்கள், பள்ளி வாசலுக்கு வராதீர்கள், மண்டபத்தின் பின்வாசலில் அடையாள அட்டை காட்டி அழைத்துப் போங்கள்." இவ்வளவு போதும். எங்கே போவது என்று தெரிந்தால் நாங்கள் அங்கே போவோம். தெரியாததால்தான் வாசலுக்கு வருகிறோம். மறைத்தால் அடங்குவோம் என்று நினைப்பது எங்களைப் புரிந்துகொள்ளாதது.


பதில் 3: அரக்கோணம் சீசன் டிக்கெட்

பள்ளி பற்றி எனக்குத் தெரியாது, ரயில் பற்றிச் சொல்கிறேன். 2014 மே 1 காலை ஏழேகால் மணிக்கு சென்ட்ரலில் 9ஆவது பிளாட்பாரத்தில் நின்ற பெங்களூரு - கௌகாத்தி ரயிலில் எஸ்4, எஸ்5 பெட்டிகளில் வெடித்தது. இருபத்து சொச்சம் வயதுப் பெண் ஒருத்தி இறந்து போனாள், 14 பேருக்குக் காயம். விடுமுறை நாள் என்பதால் நான் அன்று போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாருமில்லாத பையைப் பார்த்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதில்லை.

நான் செய்வது இதுதான். முதலில் சத்தமாக, "இது யாருடைய பை?" என்று பெட்டிக்கே கேட்கிற மாதிரி கேட்பேன். பத்தில் ஒன்பது முறை கழிப்பறையில் இருந்தோ கதவோரத்தில் இருந்தோ ஒருவர் "என்னுதுதான் சார்" என்று வந்துவிடுவார். யாரும் வரவில்லை என்றால் மூன்று விஷயம் பார்ப்பேன். பை ஒளித்து வைத்ததா, அல்லது பார்வையிலேயே இருக்கிறதா? ஒயர், டேப், எண்ணெய்க் கறை, ஏதாவது வாடை இருக்கிறதா? இந்த இடத்தில் இருக்கக்கூடிய பொருள்தானா? மறந்துபோன பை பொதுவாகத் தலைக்கு மேல் ரேக்கில் ஊரறியக் கிடக்கும். சீட்டுக்கு அடியில் செருகி, மேலே செய்தித்தாள் மூடிக் கிடந்தால் எனக்கு உதைக்கும். உடனே எல்லோரையும் பக்கத்துப் பெட்டிக்குப் போகச் சொல்லிவிட்டு நானும் விலகிப் போய் ரயில்வே உதவி எண் 139க்கு அழைப்பேன். ரயில் எண், பெட்டி எண், அடுத்து வரும் நிலையம் இந்த மூன்றும் கேட்பார்கள். பைக்குப் பக்கத்தில் நின்று போன் பேசக் கூடாது.

நிறைய பேர் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் பயங்கரவாதி மீது பயமில்லை, போலீஸ் ஸ்டேஷன் மீது பயம். "நீதான் வைத்தாயா என்று உட்கார வைத்துவிடுவான், அன்றைய வேலை போச்சு." நான் இதுவரை இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். ஒரு முறை திருவள்ளூரில் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) ஆட்கள் ஏறி, பார்த்து, என் பெயரும் போன் எண்ணும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி இறக்கிவிட்டார்கள். 20 நிமிடம். இன்னொரு முறை சரியாக நடக்கவில்லை, எந்த நிலையம் என்று சொல்ல வேண்டாம். அங்கே இருந்தவர் எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டு அரை நாள் நிற்க வைத்தார். கசப்பாகத்தான் இருந்தது. மூன்றாவது முறை பார்த்தாலும் சொல்வேன்.


பதில் 4: மாட்டுங்கா செவிலியர்

திருநெல்வேலிக்காரி நான், மும்பையில் 24 வருடம். இங்கே எல்லோரும் குண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். துப்பாக்கியோடு ஆள் வந்தால் அது முற்றிலும் வேறு என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

மும்பைத் தாக்குதல் தொடங்கிய 2008 நவம்பர் 26 இரவு நான் வேறொரு மருத்துவமனையில் நைட் டூட்டி. சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் இருவர் சுட்டுக்கொண்டே போனார்கள். அங்கே மேலே அறிவிப்பாளர் அறையில் இருந்தவர் விஷ்ணு ஜெண்டே. அவர் ஓடவில்லை. மைக்கில், பின்பக்க வழியாக வெளியேறுங்கள், இந்தப் பக்கம் வராதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டு அந்தப் பக்கமாகத் தப்பியவர்கள் ஏராளம். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்தால் ஓட வேண்டும் என்பதற்கு அவர்தான் எனக்கு உதாரணம்.

அங்கிருந்து அதே இருவர் காமா மருத்துவமனைக்குள் போனார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை. அஞ்சலி குல்தே என்ற செவிலியர் இருபது கர்ப்பிணிகளை வார்டின் ஓரத்தில் இருந்த சின்ன பேன்ட்ரி அறைக்குள் கூட்டிப்போய், கதவைப் பூட்டி, விளக்கை அணைத்தார். நிறைமாதப் பெண்களை ஓடு என்று சொல்ல முடியுமா? ஓட முடியாதவர்களுக்கு ஒளிவதுதான். எங்கள் மருத்துவமனையில் அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்டிலும் எந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது, எதன் கதவு கெட்டி என்று போய்ப் போய்ப் பார்த்தோம். பாதி அறைக்கு வெளித்தாழ்ப்பாள்தான் இருந்தது! பள்ளி அம்மாவும் நாளைக்கே வகுப்பறைக் கதவுகளைப் பாருங்கள்.

ஒளிந்தால் போனைச் சைலண்டில் போடுங்கள், அதிர்வையும் எடுத்துவிடுங்கள். மேசை மேல் அதிரும் போன் இருட்டில் பத்து அடிக்குக் கேட்கும். கதவின் நேரே நிற்காதீர்கள், தோட்டா மரக்கதவில் நிற்காது. போலீஸ் உள்ளே வந்ததும் அழுதுகொண்டு அவர்கள் மேல் விழாதீர்கள். கையை விரித்துக் காட்டியபடி, சொன்ன பக்கம் நடங்கள். நீங்கள் யார் என்று அவர்களுக்கு அந்த நொடியில் தெரியாது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. தாக்குதல் நடந்த அந்த மூன்று நாளும் டி.வி.யில் நேரலை ஓடியது. கமாண்டோ எங்கே இறங்குகிறார், ஹோட்டலில் எந்த மாடியில் விருந்தாளிகள் ஒளிந்திருக்கிறார்கள் எல்லாம். எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் அதைப் பார்த்து உள்ளே இருந்தவர்களுக்குப் போனில் வழி சொன்னார்கள். 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதற்காக டி.வி.க்களைக் கண்டித்தது. 2015இல் இப்படிப்பட்ட நடவடிக்கைகளுக்கு நேரலை கூடாது என்று விதியே வந்தது. விதி டி.வி.க்குத்தான். ஆனால் இன்று ஒவ்வொருவர் கையிலும் கேமரா. உங்கள் மகன் வகுப்பு இப்போது எந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுத்து நீங்கள் ஸ்டேட்டஸ் வைத்தால் அது எல்லோருக்கும்தான் போகும்.


கேட்டவர்: தாம்பரம் பள்ளி அலுவலகம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு முறை படித்தேன். செவிலியர் அக்கா சொன்னதும் போய்ப் பார்த்தேன், எங்கள் 14 வகுப்பில் ஐந்துக்குத்தான் உள்தாழ்ப்பாள். ஒரு அப்பாவாகப் பேசியவர் சொன்ன அந்தச் செய்தியை அப்படியே தட்டச்சு செய்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டேன், மண்டபத்தின் பெயர் மட்டும் காலியாக இருக்கிறது.

எஸ்.ஐ. சாரிடம் இரண்டு கேள்வி. உள்ளே தேடுவது யார்? நாங்கள் தொடக் கூடாது என்றால் போலீஸ் வரும்வரை சும்மா நிற்பதா? இரண்டாவது கேட்கத் தயக்கமாக இருக்கிறது. மிரட்டல் வந்த மறுநாள் எங்கள் ஆசிரியர் ஒருவர், பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்த ஒரு பையனைப் பற்றிப் போலீசில் சொல்ல வேண்டும் என்றார். ஏன் என்றால் தாடி, பெயர், வெளியூர் என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை.


பதில் 5: ஓய்வுபெற்ற எஸ்.ஐ., கோவை

முதல் கேள்விக்குப் பதில் உங்கள் ஆயாம்மா. சிரிக்காமல் கேளுங்கள். கட்டடத்தை ஒவ்வொரு நாளும் பெருக்கித் துடைக்கிறவருக்கு எந்த மூலையில் எந்த வாளி இருக்கும் என்பது தெரியும். நாங்கள் வந்ததும் முதலில் கேட்பது, "இந்த இடத்தை நன்றாகத் தெரிந்தவர் யார்?" என்றுதான். எல்லோரும் முதல்வரைக் காட்டுவார்கள். நாங்கள் துப்புரவு ஆளைத்தான் கூட்டிப்போவோம், பாதுகாப்பான தூரம் வரைக்கும். ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பை விட்டு இறங்கும் முன் தரையில் இருந்து இடுப்பு வரை ஒரு பார்வை, இடுப்பில் இருந்து தலை வரை ஒரு பார்வை, அப்புறம் மேலே ஃபேன், பரண். ஒரு நிமிடம்கூட ஆகாது. எது புதிது என்று மட்டும் பார்க்க வேண்டும். ஏதாவது கண்டால் தொடாமல், 50 அடி தள்ளி வந்து, அதற்குப் பிறகுதான் போனையோ வாக்கி டாக்கியையோ எடுக்க வேண்டும். எங்கே, என்ன நிறம், எவ்வளவு பெரிது என்பதை வாசலில் எங்களிடம் சொல்ல அவரே நிற்க வேண்டும். பார்த்தவர் வீட்டுக்குப் போய்விட்டால் நாங்கள் பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி. நான் கோவையில் இருந்தவன் அம்மணி. 1997 நவம்பரில் கலவரம், 1998 பிப்ரவரியில் குண்டு. அதற்குப் பிறகு ஒரு தெருவே இன்னொரு தெருவைச் சந்தேகித்தது. வீடு வாடகைக்குக் கிடைக்காமல், வேலை கிடைக்காமல் எத்தனை குடும்பம் பட்டது என்று பார்த்தவன். தாடியும் பெயரும் தகவல் அல்ல. அதைச் சொல்லிப் போன் செய்தால் எங்கள் நேரம் போகிறது, அந்தப் பையனின் வாழ்க்கை போகிறது, உண்மையில் செய்கிறவன் பக்கம் யாரும் பார்க்காமல் போய்விடுகிறோம். அதைவிட மோசம், அந்தத் தெருவில் யாருக்காவது நிஜமாகவே ஒன்று தெரிந்திருந்தால், இனி அவர்கள் எங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். நான் பணியில் இருந்தபோது எனக்கு வந்த நல்ல தகவல்களில் பல அதே சமூகத்துப் பெரியவர்கள் சொன்னவை.

நடத்தையைச் சொல்லுங்கள், ஆளை அல்ல. பள்ளி கேட்டையும் கேமரா இருக்கும் இடத்தையும் காவலாளி மாறும் நேரத்தையும் ஒருவர் இரண்டு மூன்று நாள் படம் எடுத்தால், அது தகவல். நம்பர் பிளேட் பொருந்தாத வண்டி நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால், அது தகவல். வாடகைக்கு வந்தவர் எந்த அடையாளமும் தர மறுத்து, மூட்டை மூட்டையாக ரசாயனம் இறக்கினால், அது தகவல். 2024 மார்ச் 1 அன்று பெங்களூரில் ராமேஸ்வரம் கஃபேயில் ஒருவன் டோக்கன் வாங்கி, இட்லி வாங்கி, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் பையை வைத்துவிட்டு நடந்து போனான். பையோடு வந்தவன் பை இல்லாமல் போகிறான் என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அது மதியச் சாப்பாட்டு நேரம், கூட்டம். யாரும் சாகவில்லை என்பது பெரிய ஆறுதல், ஆனாலும் பலருக்குக் காயம்.

சொல்லும்போது நேரம், இடம், என்ன செய்தார், என்ன உடை, எந்தப் பக்கம் போனார், வண்டி எண். உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள், அது எங்கள் வேலை. அவரைப் பின்தொடராதீர்கள், போய்க் கேட்காதீர்கள், முகத்துக்கு நேரே போட்டோ எடுக்காதீர்கள். பெயர் சொல்ல விருப்பம் இல்லை என்றால் அதைப் போனிலேயே சொல்லுங்கள். தமிழ்நாடு போலீசின் 'காவல் உதவி' செயலியையும் போனில் போட்டு வையுங்கள்.

மண்டபத்தின் பெயரைச் சீக்கிரம் நிரப்புங்கள். அதன் உரிமையாளரிடம் சாவி யாரிடம் இருக்கும், முகூர்த்த நாளில் என்ன செய்வது என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.


கேட்டவர்: தாம்பரம் பள்ளி அலுவலகம்

மண்டபத்தார் சம்மதித்தார்கள் சார். சாவி காவலாளி அண்ணனிடம், முகூர்த்த நாளில் பெருமாள் கோயில் மண்டபம். அந்த ஆசிரியரிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

இன்று மாலை ஆயாம்மாவைக் கூட்டிக்கொண்டு கட்டடம் முழுக்க நடந்தேன். மாடிக் கழிப்பறைக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருப்பதே எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியாது. தண்ணீர்க் குழாய் ஓடும் இடைவெளி. "இதைப் பூட்டணும்னு நாலு வருஷமா சொல்றேம்மா" என்றார் ஆயாம்மா. நாளைக் காலை பூட்டு வாங்க அட்டெண்டர் அண்ணன்தான் போகிறார்.